பிறர் விரதம்

புட்ஸ்க்ரேயில் நல்ல சாப்பாடு தேடுகிறவன்
முதலில் நாள்காட்டி பார்க்கவேணும்.
கோயில் பக்கமே போகாத எனக்கு
மூன்று மதத்து விரதங்களும் மனப்பாடம்.

புதனும் வெள்ளியும் அல்மாஸ் கடை.
அவருடைய தேவாலயம் அந்நாட்களில்
இறைச்சி பால் முட்டை எல்லாவற்றையும்
வாசலுக்கு வெளியே நிறுத்திவிடுகிறது.
"விரதமா?" என்பார்.
தலையாட்டுவேன். பொய்தான்,
வயிறு சொல்லும் பொய்.
வட்டத் தட்டு நிறையப் புளித்த அப்பம்,
அதன்மேல் இரண்டு நிறத்தில் பருப்பு, கோவா, பீட்ரூட்,
நடுவில் மூக்கு ஒழுகவைக்கும்
சிவந்த கடலைமாக் குழம்பு.

அமாவாசை, பௌர்ணமிக்கு லியென் வீட்டார் கடை.
அன்றைக்கு வியட்நாமியக் கிழவர்களுக்கு நடுவே
இடம் பிடிப்பதே பெரும்பாடு.
சூப்பில் சுட்ட இஞ்சியும் கறுவாவும் மணக்கும்.
"மீன்சாறு?" என்று முதல்நாள் கேட்டேன்.
போத்தலையே கொண்டுவந்து மேசையில் வைத்தாள்:
அன்னாசியில் வடித்தது.
அதற்குப் பிறகு நான் கேட்டதில்லை.

மற்ற நாட்கள்தான் வில்லங்கம்.
ஸ்டேஷனடிப் பீட்சாக்காரப் பையன்
சீஸ் வேண்டாமென்றதும்
எனக்கு என்ன வருத்தமென்று விசாரித்தான்.
விலையை மட்டும் குறைக்கவில்லை.

குகபாலன் கடையில் வேலும் ஊதுபத்தியும்,
'சுத்த சைவம்' என்று பச்சைப் பலகையும்.
"அண்ணை, கத்தரிக்காயிலை நெய் இருக்கோ?"
"சைவம்தானே."
"சாம்பாரிலை?"
"சைவம்தானே, தம்பி!"
"சொதியிலை பால்?"
"பால் இல்லாமல் என்ன சொதி?"
"எந்தப் பால்?"
"தேங்காய்ப்பால்."
"அது பரவாயில்லை."
"பால் வேண்டாமெண்டு நீதானே சொன்னனி!"

நனிசைவம் என்று ஒரு சொல் இருக்கிறது என்றேன்.
"நனி எண்டால்?"
"மிக."
கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.
"அப்ப நாங்கள் கொஞ்சச் சைவமோ?"

அன்றிரவு எனக்கு இடியப்பமும் சொதியும் மட்டும்.
ஆனால் அது சொதி!
மிளகாய் கீறி, வெந்தயம் போட்டு,
இறக்கியபின் தேசிக்காய் விட்டது.
எந்தக் கன்றின் பங்கும் அதில் கலக்கவில்லை.
மூன்று தரம் வாங்கிக் குடித்தேன்.

ஏன் இந்தக் கூத்து என்பார்கள்.
கொலாக் பக்கம் ஒரு ஓகஸ்ட் முழுவதும் லொறி ஓட்டினேன்.
பிறந்து ஐந்தாறு நாளான ஆண் கன்றுகள்.
ஏற்றும்போது ஒன்று என் விரலைப் பிடித்துச் சப்பியது,
பால் வருமென்று.
சாப்பிடுகிறவர் முன் சொல்லும் கதையா அது?
வருத்தமென்றே சொல்லிவிடுகிறேன்.

சுகிர்தாவுக்கும் சொன்னதில்லை.
பதினாலு மாதமாய் எங்கள் வீட்டில்
இரண்டு சட்டி, இரண்டு அகப்பை,
இரண்டு நேரச் சாப்பாடு.
அவளுக்கு விளைமீன் இல்லாத சோறு
சோறு மாதிரியே இல்லை.

போன வெள்ளி மழைக்கு ஒதுங்கி
ஆஸ்பத்திரி உடுப்போடு அவளும் அல்மாஸ் கடைக்குள் வந்தாள்.
இருவருக்கும் ஒரே தட்டுத்தான் வந்தது,
அங்கே அதுதான் வழக்கம்.
பிரட்டிப் பார்த்தாள்.
"எங்கட அப்பம் காய்ச்சலிலை கிடந்து எழும்பினமாதிரி."
பிறகு பேச்சில்லை.
தன் பக்கம் முடிந்ததும்
என் பக்கத்துப் பருப்புக்குள் கை வந்தது.

ஒருவருக்கொருவர் வாயில் ஊட்டவேண்டுமென்று
அல்மாஸ் கையால் காட்டினார்.
"எனக்குக் கை இருக்கு" என்றாள் சுகிர்தா, தமிழில்.
அவர் விளங்கியதுபோலச் சிரித்தார்.

கடைசியில் தட்டின் அடியில்
எல்லாக் குழம்பும் ஊறிய அப்பம் மிச்சம்.
இரண்டாய்க் கிழித்து
பெரியதைத் தான் எடுத்தாள்.

வெளியே வந்தபோது சந்தை பூட்டவில்லை.
நாளைக்கு மீன் வேணுமென்றாள்.
வாங்கினோம்.
பையை நான்தான் தூக்கிவந்தேன்,
உடம்பில் படாமல்,
கொஞ்சம் தள்ளிப் பிடித்தபடி.
அவள் அதைப் பார்த்தாள்.
"என்ன நடந்தது, கொலாக்கிலை?" என்று கேட்டாள்.