பத்தாவது சொல்

வாளையாறில் எதையும் எண்ணித்தான் விடுவோம்.
அச்சு எத்தனை, டயர் எத்தனை,
தார்ப்பாய்க்கடியில் மூட்டை எத்தனை.
இருபத்தேழு வருடமாக எடைமேடையில்
சீட்டு எழுதுகிறவன் நான்.
என் கண்ணுக்கு எல்லாமே டன்.

எதிரே ஸ்பேர் பார்ட்ஸ் கடை போட்டவன் அசரியா,
முப்பது வயசு, மாளா ஊர்க்காரன்.
வெள்ளிக்கிழமை சாயங்காலம்
லாரிகள் கஞ்சிக்கோடு வரை வால் நீட்டிக் கிடக்கும்போது,
ஃபேன் பெல்ட்டுக்கு நாலு பேர் கை நீட்டும்போது,
ஷட்டரை இறக்குவான்.

"கிறுக்கன்" என்றார் டீக்கடை சஹதேவன்.
ஒரு தடவை சேலத்து டிரைவர்
கெட்ட வார்த்தையில் ஆரம்பித்தார்.
சூரியன் பனைக்கு மேலே இன்னும் ஒரு சாண் இருந்தது.
பெல்ட்டை எடுத்துக் கொடுத்து
"காசு ஞாயிற்றுக்கிழமை" என்றான்.
"வராமப் போயிட்டா?"
"இருட்டறதுக்குள்ள மாட்டிக்குங்க."
வந்தார். திங்கட்கிழமை. நேந்திரம் பழத்தோடு.

யாரிடமும் அவன் எதுவும் சொன்னதில்லை.
இறங்கிய ஷட்டரின் இடுக்கு வழியே
தார்ச்சாலையில் விழும்
இரண்டு சுடரின் வெளிச்சம், அவ்வளவுதான்.

அதைப் பார்த்துத்தான்
அம்மா நினைவுக்கு வந்தாள்.
ரேஷன் கார்டில் சிவகாமி.
பறவூரில் பிறந்தபோது சிப்போரா.
மில் ஃபிட்டரைக் கட்டிக்கொண்டு கோவை வந்தவள்
வெள்ளிதோறும் பொழுது சாயுமுன் விளக்கேற்றி
உள்ளங்கையால் கண்ணை மூடிக்கொள்வாள்.
கண்வலி என்றே நினைத்தேன்.
சொட்டு மருந்துகூட வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

ஒரு புதன்கிழமை சில்லறை மாற்ற வந்தவன்
கேட்கவில்லை, சும்மா சொன்னான்:
"நாளைக்கு அப்பா நினைவுநாள், எர்ணாகுளத்தில்.
பத்துப் பேர் இருந்தால்தான் அந்த ஜெபம்.
துறைமுகத்து இஞ்சினியர், பம்பாய் வியாபாரி,
முதுகுப்பையோடு சுற்றும் இரண்டு பையன்கள்,
எல்லோரையும் கூப்பிட்டுப் பார்த்தாயிற்று.
ஒன்பது."

சீட்டுப் புத்தகத்தை மூடினேன்.
ஐம்பத்தேழு வயதில்
அம்மாவின் பழைய பெயரை
முதன்முதலாக இன்னொருவரிடம் சொன்னேன்.
பேனா கையிலேயே இருந்தது.

அங்கே ஆட்களை எண்ணக் கூடாதாம்.
பத்துச் சொல் உள்ள ஒரு வசனம்.
ஆளுக்கொரு சொல்லாக வைத்துக்கொண்டே வந்தான்.
என்னிடம் வந்தது கடைசிச் சொல்.
அர்த்தம் கேட்கவில்லை.
இரவல் குல்லா வழுக்கிக்கொண்டே இருந்தது.
ஆமென் மட்டும் தெரியும். சொன்னேன்,
ஒருமுறை தப்பான இடத்தில்.
யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

இப்போது வெள்ளி சாயங்கால ஷிஃப்ட் வர்க்கியுடையது.
ஒழுங்காக நடப்பது பாதி வாரம்தான்.
போன வாரம் அவனுக்குக் காய்ச்சல்,
எழுதிக்கொண்டே இருக்கும்போது இருட்டிவிட்டது.
எதிர்க்கடை இடுக்கில் வெளிச்சம் வந்தது.
தலையைக் குனிந்துகொண்டேன்.

நாமக்கல் கிளீனர் பையன் நேற்று கேட்டான்:
"அண்ணே, நீங்களும் அந்தக் கடைக்காரர் மாதிரி ஆயிட்டீங்களாமே?"
"இன்னும் இல்லப்பா" என்றேன்.
அவன் லாரி மேடையில் ஏறியது.
எண்கள் ஓடி, தடுமாறி, நின்றன.