இந்தக் கிழமை மூன்று

புதன்தோறும் வெள்ளாப்பில்
இரத்தக் குழாய்கள் வந்து சேருமுன்
ஆய்வுகூடக் கண்ணாடியில் ஒரு தாள் ஒட்டுவேன்.
தலைப்பு மாறுவதில்லை: இந்தக் கிழமை மூன்று.
'வெறும் வயிற்றோடு வரவும்' என்ற அறிவித்தலுக்குக் கீழே.
பசித்திருக்கிறவர்கள் எதையும் வாசிப்பார்கள்.

பேய்க்கணவாய்க்கு மூன்று இதயம், இரத்தம் நீலம்;
நம்மில் இரும்பு பார்க்கிற வேலையை
அதில் செம்பு பார்க்கிறது.
கதிரை, மேசை, அலுமாரி, சாவி
போர்த்துக்கேயன் விட்டுப்போன சொற்கள்.
வெள்ளிக் கிரகத்தில் ஒரு நாள்
அதன் ஒரு வருசத்தைவிட நீளம்.

பத்து மணிக்குள் பென்சிலில் யாரோ:
*இந்த வரிசையும் அப்படித்தான்.*
களுவாஞ்சிகுடி ஆஸ்பத்திரியில்
கதிரை கிடைக்காத ஒரு ஓந்தாச்சிமடத்து மனுசி
தாளைப் படித்துவிட்டுச் சத்தமாய்க் கேட்டாள்:
"கதிரை அவன்டயெண்டா, நிக்கிறது ஆருட?"

அடுத்த கிழமை ராஜகலவுக்குப் போனேன், புத்தகத்தில்.
குகையின் நெற்றியில் ஒரு விளிம்பு வெட்டி
மழையை வெளியே வழிய விட்டிருக்கிறார்கள்,
இரண்டாயிரம் வருசத்துக்கு முன்.
அதை எழுதிக்கொண்டிருக்கும்போதே
என் கூரை ஒழுகிற இடத்துக்கு
வாளியை நகர்த்தினேன்.

மாரி பிறந்தது. டெங்கு.
மூன்று கண்டுபிடிக்க நேரமில்லை;
இரண்டு, பிறகு ஒன்று,
ஒரு புதன் பழைய தாளே காற்றில் அடித்தது.

அப்போதுதான் அழகுதுரை வந்தார்,
மின்மானி வாசிக்கிறவர், காக்கிச் சட்டை நனைந்து.
மகள் கிதுசிகா ஏழாம் வாட்டில்,
ஆறு மணிக்கொரு தரம் இரத்தம்.
காத்திருக்கிற நேரமெல்லாம்
கண்ணாடியின் முன்னாலேயே நின்றார்.
உள்ளே நான் கண்டுபிடித்தது, அந்தக் கிழமை,
ஒட்ட முடியாத ஒன்று:
முப்பத்தெட்டாயிரம்.
தாளை மடித்துக் கொடுத்தேன்.
எண்ணை வாசித்தார்,
மானியை வாசிக்கிற மாதிரியே,
உதடு அசைய, இரண்டு தரம்.

மறுகா நான் பார்த்தபோது
பழைய தாளின் ஓரத்தில் நீல மையில்
அவருடைய எழுத்து, பில்லில் எழுதும் அதே சாய்வு:

*எருவில், பிள்ளையார் கோயிலுக்குப் பின்வீதி,
பச்சைக் கேற். மானிப் பெட்டிக்குள்
குளவி மண்கூடு கட்டியிருக்கு.
உடைச்ச அறையில சிலந்திகள்.
சாகவில்லை, அசையவுமில்லை.
குஞ்சு பொரிச்சதும் தின்ன
கொட்டி மயக்கி வச்சிருக்கு.
ஏழு மணிக்கு முதல் போங்க. நாய் கட்டியிருக்கும்.*

எத்தனை கிழமை எழுதினேன்,
கடலடி, கிரகம், ராஜாக்கள்.
ஒன்றுக்கும் முகவரி போட்டதில்லை,
நாய் கட்டியிருக்கும் என்றும் சொன்னதில்லை.

இரவு முப்பத்தொன்று.
வெள்ளாப்பில் முப்பத்தாறு.
குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்து
மறுபடி எண்ணினேன். முப்பத்தாறுதான்.
மத்தியானம் ஐம்பத்திரண்டு.
வாசல்வரை நானே கொண்டுபோனேன்.
அவர் ஒன்றும் சொல்லவில்லை;
சட்டைப்பையிலிருந்த பேனையை எடுத்தார்,
திரும்ப வைத்தார்.

ஞாயிறு காலை ஆறேமுக்காலுக்கு
சைக்கிளைச் சாய்த்துவிட்டு
பச்சைக் கேற்றின் முன்னால் நின்றேன்.
நாய் கட்டியிருக்கவில்லை.
உள்ளிருந்து ஒருத்தி, வாயில் பற்பசை நுரையோடு:
"கறன்ட் பில்லா?"

"இல்ல," என்றேன்.
"குளவி பார்க்க."

கொஞ்சநேரம் என்னையே பார்த்தாள்.
பிறகு நாயைப் பிடித்துக்கொண்டு
நகர்ந்து வழிவிட்டாள்:
"நீங்க நாலாவது ஆள்."