சரியாக ஆறு

ஏற்காட்டில் மூன்று மணிக்கே இருட்டிவிட்டதாம்.
மூன்றாவது வளைவில் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள் என்று
அடிவாரத்தில் ஆட்டோ ஓட்டும் தம்பி போன் செய்தான்.
மலையில் கொட்டுவது திருமணிமுத்தாறாய்
எங்கள் கிச்சிப்பாளையம் சந்துக்கு இறங்க
ஒரு ராத்திரி பிடிக்கும் என்பார்கள்.
போன வருசம் அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

போன வருசம்
இடுப்பளவு சாக்கடைக்குள் கைவிட்டு
ரேஷன் கார்டைத் துழாவினேன்.
கிடைத்தது யாருடையதோ ஒரு செருப்பு, இடதுகால்.

இந்த வருசம் பை இருக்கிறது.
தருணிகாவின் பழைய ஸ்கூல் பை, ஜிப் மட்டும் புதுசு.
மெயின் சுவிட்சில் சிவப்பு நெயில்பாலிஷ் பூசியிருக்கிறாள்,
டார்ச் வெளிச்சத்தில் கண்ணில் பட வேண்டுமாம்.
பற்றவைக்கும் கேஸ் சிலிண்டரை
ஜன்னல் கம்பியோடு நைலான் கயிற்றால் கட்டிவிட்டேன்;
தண்ணீர் வந்தால் அது மிதக்கும், மாடு மாதிரி முட்டும்.
இவர் நாக்பூர் தாண்டி லோடோடு நிற்கிறார்.
"கயித்த ரெண்டு சுத்து சுத்து" என்றார் போனில்.
லாரிக்காரருக்கு எல்லாமே தார்ப்பாய்தான்.

எங்கள் வீட்டில் டிவி ரிப்பேர் ஆகும், தராசு ஆகாது.
செவ்வாய்ப்பேட்டைக்காரர் வெள்ளியை நிறுத்துத் தருவார்;
பொடிவைத்து ஊதிக் கொலுசாக்கி
நிறுத்துத் திருப்புவோம்.
கூட்டி அள்ளிய தூசிக்கும் கணக்கு உண்டு.
ஆறு கிலோவரை பிசகாது.

பையைத் தூக்கி வைத்தேன்.
எண்கள் ஓடின, நின்றன,
கோடு கோடாய்க் கண்ணடித்தன.
என் ஒரு கை மாமனாருக்கு, வாதம் வந்த கால் அவருடையது.
மறு கையில் ஆறுக்கு மேல் என்னாலும் ஆகாது.

கல்யாண ஆல்பம் வெளியே வந்தது.
அட்டையே ஒன்றேமுக்கால் கிலோ.
இரண்டு படத்தை உரித்துக்கொண்டு
மீதியைப் பரணில் போட்டேன்.
அரிசி வெளியே. அவல் உள்ளே.
மாமனார் தன் டிரான்சிஸ்டரைத் தானே எடுத்து வெளியே வைத்தார்.
கொஞ்ச நேரம் கழித்து
பேட்டரியை மட்டும் கழற்றி உள்ளே போட்டார்,
"டார்ச்சுக்கு ஆகும்."
ஈரத்துணி சுற்றிய டப்பாவில் இன்சுலின்,
உறைக்குள் உறையாகக் கார்டுகள்,
தண்ணீர், பிஸ்கட், நாப்கின்.
மூன்று எழுநூற்றுப் பத்து.

அப்புறம்தான் அந்தத் தூக்கு ஞாபகம் வந்தது.
இரண்டு கிலோ முந்நூற்று நாற்பது கிராம்,
பாதி ஒட்டிய கொலுசுகள்.
நம்முடையது அதில் ஒரு சலங்கைகூட இல்லை.
போனால் நாலு வருசம் ஊதினாலும் தீராது.
வைத்தேன்.
மறுபடி கண்ணடித்தது.
ஐம்பது கிராம் அதிகம்.
தருணிகா ஒரு பிஸ்கட் பாக்கெட்டை உருவி
பிரித்துத் தின்ன ஆரம்பித்தாள்.
ஆறு. சரியாக ஆறு.

ஆனால் இதை எங்கே தூக்கிப் போவது?
சந்தில் உயரமான இடம் எங்கள் மாடிதான்.
மாடியில் ரெஜினா அக்கா.
மோட்டார் போடும் சண்டையில்
இரண்டரை வருசம் பேச்சில்லை.
அவர் கொலுசுச் சத்தம் இறங்கினால்
நான் கதவைச் சாத்துவேன்.

பதினான்கு படி.
பை கட்டியதைவிட அதற்கு நேரம் ஆனது.
கதவு திறந்ததும் சீரியல் சத்தம், மீன்குழம்பு வாசம்.
மொட்டைமாடி கிரில் சாவி வேணும் என்றேன்.
மழைக்கு, என்று சேர்த்துக்கொண்டேன்.
உள்ளே போனவர் வெகுநேரம் வரவில்லை.
விளம்பரம் முடிந்து மறுபடி சீரியல் வந்துவிட்டது.

சாவியை நீட்டும்போது சொன்னார்:
"உன் மாமனாரால குத்துக்கால் போட முடியாதில்ல?
எங்க வீட்டுல வெஸ்டர்ன் டாய்லெட்."
பிறகு, அதே குரலில்,
"மோட்டார் விசயத்துல நான் சொன்னதுதான் சரி."

ராத்திரி முழுக்கத் தூறல். ஆறு வரவில்லை.
விடிந்ததும் போய்ப் பார்த்தேன்.
பாலத்துக்கு ஒரு முழம் கீழே
நுரையைச் சுமந்துகொண்டு
எதையோ யோசித்தபடி போய்க்கொண்டிருந்தது.

தூக்கை வெளியே எடுத்து ஊத உட்கார்ந்தேன்.
பை ஆணியில் தொங்குகிறது, பக்கத்திலேயே சாவி.
திருப்பிக் கொடுக்கப் போகவில்லை.
கார்த்திகை இன்னும் பாக்கி இருக்கிறது.