ஏ டிரைவில் ஒன்றுமில்லை

டொக்யார்ட் வீதி, மீனவர் சங்கக் கந்தோர்.
இருநூற்று ஐம்பத்தாறு கே நினைவகத்தோடு
ஒரு பெட்டி.
நன்கொடை என்று பக்கத்தில் ஒட்டியிருந்தது.
எந்த நாடு என்ற பாதி
உப்புக்காற்றில் உரிந்துவிட்டது.

சுவிட்சைப் போட்டதும் அதற்கு எதுவும் தெரியாது.
உள்ளே சுட்டு வைத்த ஒரேயொரு பழக்கம்:
டிஸ்க்கின் முதல் துண்டைத் தேடு,
ஐந்நூற்றுப் பன்னிரண்டு பைட்,
தூக்கி நினைவில் வை,
அதன்மேல் பாய்ந்துவிடு.
அந்தத் துண்டு அடுத்ததை இழுக்கும்,
அடுத்தது அதற்கடுத்ததை.
எல்லாரும் வந்து சேர்ந்த பிறகு
முதலில் வந்தவன் இருந்த இடத்தில்
வேறு யாரோ படுத்திருப்பார்கள்.
நன்றி சொல்லும் வழக்கம் அங்கில்லை.

சொன்னது மெல்றோய்,
பாலையூற்றுப் பறங்கி, ரேடியோ திருத்துகிறவன்,
கையேட்டை நாலாய் மடித்துக்
காற்சட்டைப் பையில் கொண்டு திரிபவன்.
கட்டளை கேட்கிறவன் இரண்டு பாதி, நவமலர்.
ஒரு பாதி அடியில், அசையாது.
மறுபாதி உச்சியில்.
பெரிய புரோகிராம் வந்து இடம் போதாவிட்டால்
உச்சியில் இருப்பவன்மேல் ஏறிப் படுத்துக்கொள்ளும்.
அவன் சத்தம் போடமாட்டான்.
புரோகிராம் எழும்பிப் போனதும்
அடியில் இருப்பவன் மேலே பார்த்து
எண்களைக் கூட்டுவான்.
கூட்டுத்தொகை பிழைத்தால் டிஸ்க்கைக் கேட்பான்.

டிஸ்க் இல்லையென்றால்?

கேட்டுக்கொண்டே இருப்பான்.
வேறொன்றும் தெரியாது அவனுக்கு.

அந்த டிஸ்க்கைச் சட்டைப்பையில் மறந்து வைத்தபடி
மெல்றோய் மூதூர் லோஞ்சில் ஏறினான்,
ஒரு வியாழன், ஒலிபெருக்கி திருத்த.
பின்னேரம் லோஞ்ச் திரும்பவில்லை.
வெள்ளியும் இல்லை.
ஜெட்டியில் கயிறு கட்டியிருந்தது.
ஏனென்று யாரும் யாரையும் கேட்கவில்லை.

என் முன்னால் மண்ணெண்ணெய் அட்டைப் பட்டியல்,
எழுநூற்றுப் பதினொரு குடும்பம்.
வெளியேறும் கட்டளையை மட்டும் நான் தட்டவில்லை.
தட்டினால் அது கேட்கும்.
கேட்டால் என்னிடம் இல்லை.
தட்டச்சிட்டேன், சேமித்தேன், மறுபடி சேமித்தேன்.
ஊரடங்குக்கு முன் வீட்டுக்குப் போகையில்
திரைமேல் துவாயைப் போர்த்திவிட்டு
பெட்டியை எரியவிட்டே போனேன்.
முகாமையாளர் அருமைத்துரை
கரண்ட் பில்லைப் பற்றி இரண்டு தரம் சொன்னார்.

வெள்ளி மத்தியானம் ஒருத்தி வந்தாள்.
புருஷன் பெயரில் இருந்த அட்டையைத்
தன் பெயருக்கு மாற்ற வேண்டும்.
போன மாதத்திலிருந்து ஆள் இல்லை என்றாள்.
இல்லை என்றால் எப்படி என்று
படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது.
நான் அதை வாசிக்கவில்லை.
நீக்கினேன்.
நீக்கினாலும் அது நீங்காது,
பெயருக்கு முன்னால் ஒரு நட்சத்திரம் விழும்,
பதிவு கிடந்த இடத்திலேயே கிடக்கும்.
அதை அவளிடம் நான் சொல்லவில்லை.

சனி, இரண்டு நாற்பது.
முதலில் காற்றாடி.
பிறகு திரை ஒரு புள்ளியாய்ச் சுருங்கி,
அந்தப் புள்ளியும்.
அடியில் அசையாமல் இருந்தவனும் போனான்,
ஒரு மூச்சில், உச்சி அடி என்ற பேதமில்லாமல்.
கரண்ட் மாலையில் வந்தது.
ஏ டிரைவில் ஒன்றுமில்லை என்று பெட்டி சொன்னது.
ஏதாவது சாவியை அழுத்து என்றது.
அழுத்தினேன்.
மறுபடி அதையே சொன்னது.

திங்கட்கிழமை லோஞ்ச் வந்தது.
மெல்றோய்க்குத் தாடி வளர்ந்திருந்தது.
டிஸ்க் ஒரு சொப்பிங் பையில், அந்தப் பை இன்னொன்றில்.
தன் சட்டையை அவன் அப்படிக் காப்பாற்றியிருக்கவில்லை.
டிரைவ் கர் கர் என்று இருமியது,
முதல் துண்டு, அடுத்தது, அதற்கடுத்தது.
பட்டியலில் அறுநூற்றுத் தொண்ணூற்றெட்டுப் பேர் இருப்பார்கள்,
பதின்மூன்று பேரை மறுபடி எழுத வேண்டும்.

அதற்கு முன் அது திகதி கேட்டது.
தானாக நம்புவது:
ஆயிரத்துத் தொளாயிரத்து எண்பது,
தை முதலாம் திகதி, செவ்வாய்.
ஒன்றும் தட்டாமல் என்டரை அடித்தால்
அதையே வைத்துக்கொள்ளும்.
மெல்றோய் கொஞ்ச நேரம் அந்த வரியைப் பார்த்தான்.
இன்றைக்கு என்ன திகதி என்றான்.
எனக்கும் உடனே வரவில்லை.
கலண்டரில் வியாழனுக்குப் பிறகு
ஒருவரும் தாள் கிழித்திருக்கவில்லை.

விரல்விட்டு எண்ணி
மாதத்தைத் தட்டிக்கொண்டிருக்கையில்
ஜன்னலில் நிழல் விழுந்தது.
வெள்ளிக்கிழமை வந்தவள்.
கையில் மண்ணெண்ணெய்க் கான்.
லோஞ்ச் வந்ததாமே,
வேறு யார் யார் வந்தது?