உள்ளதே இருக்கட்டும்

அனுமதித் தாளில் கூ சியோக் லிங் கையெழுத்து:
சனி, இரவு இரண்டிலிருந்து நான்கு வரை.
அந்த இரண்டு மணி நேரம்
பினாங்குத் துறைமுகத்தில் எங்கள் கொள்கலன் எதற்கும்
பெயர் கிடையாது, எடை கிடையாது, போகும் ஊர் கிடையாது.

லெபோ பந்தாய், மூன்றாம் மாடி.
பதினெட்டு டிகிரிக் குளிர்.
ஹஃபிஸா நாற்காலியில் விட்டுப்போன சால்வை.
நான்கு சர்வர், ஒரு விசைப்பலகை, நான்.

உபுண்டு பேச்சுக்காரி.
ஏப்டி அப்டேட் என்றால் போதும்,
எங்கெங்கே போனேன், யார் யாரைப் பார்த்தேன் என்று
வரிவரியாக ஒப்பிக்கும்.
ஒப்பிக்கட்டும். மைலோ கலக்கப் போனேன்.

அடுத்தது ராக்கி.
பழக்கதோஷத்தில் ஏப்டி என்று தட்டிவிட்டேன்.
அப்படி ஒரு கட்டளையே இல்லை என்றது,
ஈப்போவில் இறங்கியதும்
என் ஹொக்கியன் செல்லாமல் போவதுபோல.
இங்கே டிஎன்எஃப் என்று சொல்ல வேண்டும்.
இரண்டு வீட்டிலும் வேலைபார்ப்பது ஒரே ஆள்தான்:
அங்கே அப்பாச்சி டூ, இங்கே எச்டிடிபிடி.
அடையாள அட்டையில் நான் மங்கையர்க்கரசி,
கூவின் வாயில் அசி.
எப்படிக் கூப்பிட்டாலும் திரும்புவேன்.
இது திரும்பாது.

சூசே, ஹாம்பர்க் வாடிக்கையாளர் கேட்டு வாங்கியது.
ஸிப்பர் இரண்டு தீர்வை நீட்டி
எது வேண்டும் என்றது. ஒன்று என்றேன்.
ஏன் ஒன்று என்று அது கேட்கவில்லை.

கடைசியில்
சந்திரகாசனின் டெபியன்.
ஆயிரத்து அறுநூற்றுப் பதினொரு நாளாகக் கண் மூடாதது.
அவர் சிங்கப்பூர் போய்விட்டார்.
நான் இதற்குள் மூன்று வீடு மாறிவிட்டேன்.
பழைய முகவரிகளைத் தட்டினால் நானூற்று நான்கு,
ஆளில்லை.
ஆவணக் கிடங்குக்கு மாற்றிவிட்டார்களாம்.
முகவரியைத் திருத்தி எழுதி, மறுபடி தட்டி,
எண்பது சதவீதத்தில் அது நின்று கேட்டது:

இந்தக் கோப்பை நீங்களோ வேறு யாரோ மாற்றியிருக்கிறீர்கள்.
புதியது வந்திருக்கிறது. எது வேண்டும்?
ஒன்றும் சொல்லாவிட்டால் உள்ளதே இருக்கும்.

வித்தியாசத்தைக் காட்டச் சொன்னேன்.
ஒரே ஒரு எண். புதியதில் முப்பது நொடிக் காத்திருப்பு,
பழையதில் நாற்பத்தேழு.
மேலே, ஆங்கில எழுத்தில் தமிழ்:
‘இதைத் தொடாதே. ஏன் என்று எனக்கே மறந்துவிட்டது.’

சிரித்துவிட்டேன்.
எந்த ஊரில் எந்த மனிதன் நாற்பத்தேழு நொடி காத்திருப்பான்?
புதியதே என்று தட்டினேன்.
பிறகு ரீபூட்.

பிங்குக்குப் பதில் இல்லை.
பதில் இல்லை.
குளிரிலும் கழுத்தோரம் வேர்த்தது.
ஆயிரத்து அறுநூறு நாள் தூங்காதவனைத் தூங்கவைத்து
உடனே எழுந்திரு என்றால் எப்படி எழுவான்.
பதில் இல்லை.
பதில்.

எல்லாம் வந்தது. துறைமுகம் வந்தது, சுங்கம் வந்தது.
பிறைக் கிடங்கின் எடைமேடை மட்டும்
முப்பதாவது நொடியில் செத்துச் செத்து விழுந்தது.
மணி மூன்று நாற்பது.
கம்பிகளைச் சந்தேகித்தேன், கூவைச் சந்தேகித்தேன்,
அப்புறம்தான் கையில் கடிகாரத்தோடு உட்கார்ந்து
அந்தக் கிழட்டுத் தராசிடம் நேராகவே கேட்டுப்பார்த்தேன்.
நாற்பத்து நான்காவது நொடியில்
வாயைத் திறந்தது.

நல்லவேளை, பழைய கோப்பை அழிக்காமல்
பெயருக்கு ஓல்ட் என்று வால் ஒட்டி
பக்கத்திலேயே வைத்திருந்தது டெபியன்.
அதையே திரும்ப ஏற்றினேன்.
சந்திரகாசன் வரியை அழிக்கவில்லை.
அடியில் ஒன்று சேர்த்தேன்:
‘பிறை எடைமேடை யோசித்துத்தான் பேசும்.’

மூன்று ஐம்பத்தாறு.
கதவைத் தள்ளி எட்டிப்பார்த்தார் காவலர் பிம் பகதூர்.
‘சுடா?’
முடிந்ததா என்று மலாயில் கேட்கிறார்.
எனக்கு வேறு காது.
கையிலிருந்த மைலோவைப் பார்த்துச் சொன்னேன்:
‘இல்லண்ணே, எப்பவோ ஆறிப்போச்சு.’