எழுத்துப்பிழை

மூன்று மணிக்கு அழுகிறான்.
செங்காங்கில் அந்நேரம் விழித்திருப்பது
நானும், எதிர் புளோக்கின் பதினோராம் மாடியில்
துணி காயப்போடும் யாரோ ஒருத்தியும்.

சோஃபா பக்கம் போவதில்லை.
கல்யாணத்துக்கு வாங்கியது, சாம்பல் நிறம்,
உட்கார்ந்தவளை மெல்ல விழுங்கும்.
முதல் ஆறு வாரமும் அதில்தான்
வால் எலும்பில் சரிந்து, முதுகு வளைந்து,
மார்பைப் பிள்ளையிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.
ஒரு வியாழக்கிழமை
கீழே ஏதோ
ஈரப் பந்துபோல் இறங்கி
வாசலில் வந்து நின்றது.

குளியலறைத் தரையில் கைக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன்.
நான்கு நாள் யாரிடமும் சொல்லவில்லை.
சொன்னபோது புகழேந்திரன்
"வலிக்குதா?" என்றான்.
இல்லை.
வலித்திருந்தால் சுலபம்,
வலிக்கு எங்கள் வீட்டில் சொற்கள் உண்டு.

மருத்துவமனையில் தமிழிலேயே ஒரு தாள் கொடுத்தார்கள்.
"கருப்பை இரக்கம்" என்று தலைப்பு.
பத்து வருடமாகத் தொடக்கநிலை நான்குக்கு
வல்லின றகரம் நடத்துகிறவள் நான்.
சிவப்புப் பேனா கைப்பையிலேயே இருந்தது.
மூடியைக் கழற்றினேன்.
இரக்கமா? யார்மேல்?
இத்தனை மாதம் ஒருவனைச் சுமந்துவிட்டு
இன்னும் யார்மேல்?
மூடியைப் போட்டுவிட்டேன்.

பயிற்சியாளர் ஹனீசா என்னைவிட எட்டு வயது இளையவள்.
பிளாஸ்டிக் இடுப்பெலும்பு ஒன்றை
பூனைக்குட்டிபோல் மடியில் வைத்திருந்தாள்.
"உட்காரும் எலும்பு இரண்டு இருக்கு,
முதலில் அதைக் கண்டுபிடிங்க."
கண்டுபிடித்தேன்.
முப்பத்து நான்கு வருடம் என்னைத் தாங்கிய இரண்டு கற்கள்,
அறிமுகம் இப்போதுதான்.
"பழையபடி ஆயிடுமா?"
அவள் பொய் சொல்லவில்லை.
"குறையலாம்" என்றாள்.

ஆகவே இந்தச் சாப்பாட்டு மேசை நாற்காலி.
பிட்டத்தின் பின்பக்கம் மடித்த துவாலை,
இடுப்பு முட்டியைவிட ஒரு விரல் உயரம்.
வயிற்றை எக்குவதில்லை.
அது தொங்கட்டும், இப்போது யார் பார்க்கிறார்கள்.
ஒரு சங்கடம்:
ஐந்தடிக்கும் குறைவான எனக்குக் கால் தரை எட்டாது.
பாடநூல்கள் கச்சிதமான உயரம். அடுக்கினேன்.
பாதம் இறங்க மறுத்தது.
தொட்டுக் கண்ணில் ஒற்றி எடுத்து வைத்தேன்.
அரிசி மூட்டை, அதுவும் ஆகாது.
கடைசியில் டயப்பர் பெட்டி.
அதில் எந்தத் தெய்வமும் குடியிருப்பதாகத் தகவல் இல்லை.

மடியில் இரண்டு தலையணை. அதன்மேல் அவன்.
இப்போது நான் குனிவதில்லை,
அவன்தான் மேலே வருகிறான்,
கோபமாக, வாயைத் திறந்துகொண்டு, கண்ணை மூடிக்கொண்டு.
பிடித்துவிட்டான்.
தோளை இறக்குகிறேன்.
பல்லைக் கடித்திருப்பது தெரிகிறது, விடுகிறேன்,
தாடை தளர்ந்ததும்
எங்கோ வெகு கீழே
இன்னொன்றும் தளர்கிறது.
இரண்டுக்கும் இடையே இவ்வளவு தூரத்தில்
என்ன பேச்சு நடக்கிறதோ.

எல்லா நாளும் இப்படி இல்லை.
சாயங்காலமானால் பாரம்,
ஈரத்துணி மூட்டையைத் தொடையிடுக்கில் கட்டியதுபோல்.
அன்றைக்கு நாற்காலியும் வேண்டாம்.
ஒருக்களித்துப் படுத்துக் கொடுக்கிறேன்.
புகழ் என் முதுகுக்குப் பின்னால்
போல்ஸ்டரைத் திணித்துவிட்டுப் போகிறான்,
ஒன்றும் கேட்காமல்.
சோஃபாவைப் படம் எடுத்து
"இலவசம், நீங்களே வந்து எடுத்துச் செல்லவும்" என்று
போட்டதும் அவன்தான்.
இன்னும் யாரும் வரவில்லை.

முதல் இலகு ரயில்
ஓட்டுநர் இல்லாமல், ஆளும் இல்லாமல்
விளக்கெரிய வளைந்து போகிறது.
தூங்கிவிட்டான். தொட்டிலில் போட வேண்டும்.
எழும் முன் மூச்சை வெளியே விடு,
விட்டுக்கொண்டே எழு என்றாள் ஹனீசா.
விடுகிறேன்.
அடுப்படியில், குளிர்பெட்டிக் கதவில்
காந்தத்தின் கீழ் அந்தத் தாள்.
விடுப்பு முடிந்ததும் கடிதம் எழுதிப்
பிழையைச் சொல்ல வேண்டும்.
டிசம்பர் வரை இருக்கட்டும்.