பால் தெரியும் வயிறு

டிசம்பரில் ஓலு நகரத்துப் பகல்
பத்தரைக்கு வந்து இரண்டுக்குப் போய்விடும்.
நிலவறை ஆய்வகத்துக்கு அதுவும் வராது.
குழல்விளக்கின் கீழ்
பிறந்து ஆறு மணி நேரமான எலிக்குஞ்சுகளை
எண்ணுகிறேன். ஒன்பது.

மயிர் முளைக்காத தோல், மெழுகுத்தாள்.
குடித்த பால்
இடது விலாவுக்குக் கீழே
வெள்ளைப் பொட்டாய்த் தெரியும்.
ஏழு வயிறுகளில் பொட்டு.
இரண்டில் வெறுங்காற்று.

அண்ணம் கூடவில்லை.
நாக்கின் இருபுறமும் தொங்கிய தட்டுகள்
பதினைந்தாம் நாள் நிமிர்ந்து
நடுவில் சந்தித்திருக்க வேண்டும்.
நிமிரவே இல்லை.
காம்பைப் பற்றுகிறது வாய்,
உறிஞ்சுகிறது,
உறிஞ்சியதெல்லாம் மூக்கின் பக்கம் போய்விடுகிறது.

அந்த மரபணுவுக்கு
மூன்றெழுத்தும் ஓர் எண்ணும்தான் பெயர்.
தாயும் தகப்பனும் ஆளுக்கொரு நல்ல பிரதியோடு
சௌக்கியமாய் மரத்தூளில் கிடக்கிறார்கள்.
இருவரின் பழுதும் ஒன்றாய்ச் சேர்ந்த குஞ்சுக்குக்
காறையெலும்பு இல்லை,
தாடை குட்டை,
மண்டையோட்டு உச்சியில்
சாத்தாமல் விட்ட ஒரு சன்னல்.

நிதி கேட்ட விண்ணப்பத்தின் முதல் பத்தியில்
குழந்தைகள் வருவார்கள், பிளந்த உதட்டோடு.
அப்புறம் முப்பது பக்கமும் எலிகள்.

பிறகு நடப்பதை வெய்யோ சலவை என்பான்.
தோலுரித்து, குடலெடுத்து, சாராயத்தில் ஊறப்போட்டு
குருத்தெலும்புக்கு நீலம்
எலும்புக்குச் சிவப்பு
ஏற்றுவோம்.
காரநீர் சதையைக் கண்ணாடியாக்கும்.
மூன்று வாரத்தில்
கிளிசரின் குப்பிக்குள் நிற்கும்
நகத்தளவு விலா வரிசை,
கைவிரல் நுனிகள்,
இன்னும் நீலமாகவே இருக்கும் மூக்குநுனி.
அழகு என்று சொல்லக்கூடாதுதான்.
சொல்லியிருக்கிறேன்.

மூடியில் எண் மட்டும்.
எது எந்த வகை என்ற பட்டியல்
வெய்யோவின் இழுப்பறையில், பூட்டி.
தெரியாமல் பார்ப்பதுதான் நேர்மை என்பது விதி.
எனக்கென்னவோ
நுண்ணோக்கியில் கண் வைத்ததுமே தெரிந்துவிடும்:
இரண்டாம் எண், எட்டாம் எண்.
சப்பையான முகம், சிவப்பேறாத உச்சி.
மற்றதெல்லாம் சரி
என்று எழுதிக் கையெழுத்திட்டேன், ஐலா கோர்ப்பினென்.

பட்டியலைத் திறந்தபோது மூன்று பெயர்கள்.
இரண்டு, எட்டு,
நான்கு.

நான்கா?
வாலின் மிச்சத் துணுக்கை எடுத்து
வெய்யோ மறுபடி ஓட்டினான். மறுபடியும்.
நல்ல பிரதியின் கோடு
ஜெல்லில் எங்குமே விழவில்லை.
மரபணு இல்லை; ஆனால்
அண்ணம் கூடியிருக்கிறது,
தாடை போதிய நீளம்,
காறையெலும்பு இருக்குமிடத்தில்
சிவப்பு நூல் ஒன்று, இருபக்கமும்.

ஒன்றை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது
என்றார் பேராசிரியர் ரந்தகாரி,
கோட்டை மாட்டிக்கொண்டே.
அடிக்குறிப்பில் போடலாம்.

அவர் சொல்வது சரிதான்.
எது அதற்குக் கைகொடுத்தது, எனக்குத் தெரியாது.
வேறேதோ மரபணு,
கருப்பையில் கிடந்த இடம்,
சும்மா.

ஆனால் மூன்று வாரம் முன்பு
குடலெடுத்தது நான்.
நான்காம் குஞ்சின் இரைப்பை
கத்திரி நுனி பட்டுக் கிழிந்து
கையுறைக் கட்டைவிரலில்
திரிந்த பால் ஒரு சொட்டு ஒட்டியது.
அன்றைக்கு அது
கழுவவேண்டிய அழுக்கு.
படிவத்திலும் அதற்குக் கட்டம் கிடையாது.

குழாயைத் திறந்து
வெந்நீர் வரட்டும் என்று காத்திருந்தது
ஞாபகம் இருக்கிறது.